உத்தரவு வரும்வரை காத்திருப்பதா?

அன்புள்ள அக்கா,

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஈட்டன் காட்டுத்தீ பற்றிய இரவு, பாசடீனாவுக்கு மேற்கே மலையடிவாரத்து வீட்டில் இருந்தோம். கைப்பேசியில் வந்தது, தயாராக இருங்கள் என்னும் வெளியேறும் எச்சரிக்கை மட்டும்தான், உடனே கிளம்பச் சொல்லும் உத்தரவு அல்ல. “உத்தரவு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்றார் கணவர். ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரோ பூஜை அறையை விட்டு எங்கும் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நான்தான் பிடிவாதம் பிடித்து எல்லோரையும் காரில் ஏற்றினேன். பாஸ்போர்ட், நகை எல்லாம் எடுத்தேன். மாமியாரின் இன்சுலின் ஃபிரிட்ஜிலேயே இருந்துவிட்டது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. விருந்தினர் வந்தால் அந்த இரவைச் சொல்லி இன்றும் என்னைக் கேலி செய்கிறார்கள். நான் பதறியது தவறா? மறுபடி இப்படி வந்தால் என்ன செய்வது?

கலிபோர்னியாவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தவறே இல்லை. அடுத்த முறையும் அதையே செய்யுங்கள், இன்னும் சீக்கிரமாகச் செய்யுங்கள்.

அன்றிரவு உங்களுக்குச் சில மைல் தள்ளி நடந்ததைக் கணவரிடம் சொல்லுங்கள். தீ பிடித்தது 7ஆம் தேதி மாலை ஆறரை மணிக்கு முன்பே. பாசடீனாவை ஒட்டிய ஆல்டடீனாவில் லேக் அவென்யூ என்ற சாலைக்கு மேற்கே இருந்தவர்களுக்கு உத்தரவு போனபோது மறுநாள் விடிகாலை மூன்று மணி தாண்டிவிட்டது. ஈட்டன் தீயில் இறந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் அந்த மேற்குப் பகுதியினர், பலர் முதியவர்கள். இரண்டு நாள் கழித்து இதற்கு நேர்மாறாக, ஒரு சிறு பகுதிக்குப் போக வேண்டிய எச்சரிக்கை தவறுதலாக லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி முழுவதற்கும் போனது. உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வீசும் சான்டா ஆனா என்ற வறண்ட பலத்த காற்றில் தீப்பொறிகள் ஒரு மைலுக்கு அப்பாலும் பறந்து விழும். அதிகாரிகள் வரைபடத்தில் எல்லை போட்டு முடிப்பதற்குள் தீ அந்த எல்லையைத் தாண்டிவிடும். உத்தரவை மட்டும் நம்பி வயதானவரை வீட்டில் வைத்துக்கொண்டிருக்க முடியாது.

நான் வடக்கே சோனோமாவில் இருப்பவள். 2017 அக்டோபரில் டப்ஸ் தீ வந்தபோது, எல்லாக் கைப்பேசிகளுக்கும் எச்சரிக்கை அனுப்பினால் மக்கள் பீதியில் சாலைகளை அடைத்துவிடுவார்கள் என்று அஞ்சி அனுப்பாமல் விட்டார்கள். 22 பேர் இறந்தார்கள். இரண்டே ஆண்டில் கின்கேட் தீ. இம்முறை 1,80,000க்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. எங்கள் சோனோமாவின் வின்ட்சர் நகரமே காலியாக இருந்ததால் தீயணைப்பு வீரர்கள் ஆட்களைத் தேடி அலையாமல் வீடுகளைக் காப்பதிலேயே நின்றார்கள், ஊரும் தப்பியது. அந்த ஊர்க்காரர்களும் உங்களைப் போல எரியாத வீட்டுக்குத் திரும்பியவர்கள்தாம். அவர்கள் போனது வீண் என்று யார் சொல்வார்கள்? நீங்கள் முன்னதாகக் கிளம்பியதால் பின்னால் வந்தவர்களுக்குச் சாலையில் ஒரு காரின் நெரிசல் குறைந்தது. ஈட்டன் தீ பிடித்த அதே நாளில், லாஸ் ஏஞ்சலஸின் கடலோரப் பகுதியான பசிபிக் பாலிசேட்ஸில் வேறொரு தீ வந்தபோது நடுச்சாலையில் காரை விட்டுவிட்டு மக்கள் ஓடினார்கள். தீயணைப்பு வண்டிக்கு வழிவிட அந்தக் கார்களை புல்டோசரால் ஒதுக்க வேண்டியிருந்தது.

மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்பின் தெரியாத ஊரில் அவருடையது என்று இருந்தது அந்தப் பூஜை அறை ஒன்றுதான். மழைக்காலத்தில் ஒரு நாள் நிதானமாக அவரோடு உட்கார்ந்து எந்த விக்கிரகம், எந்தப் படம் வர வேண்டும் என்று கேட்டு, அதற்கென ஒரு சிறு பெட்டி வைத்துவிடுங்கள். எச்சரிக்கை வந்ததும் பெட்டியை அவர் மடியிலேயே கொடுங்கள். இன்சுலினுக்கு ஒரு குளிர்ப்பை வாங்கி ஃபிரிட்ஜின் மேலேயே வையுங்கள், கதவில் பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டுங்கள். ஐஸ் நேராகப் படக்கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.

கராஜ் கதவைக் கவனியுங்கள். 2017இல் மின்சாரம் போய், கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டு இறந்தவர்கள் உண்டு. அதன் பிறகுதான் கராஜ் கதவைத் திறக்கும் புதிய மோட்டார்களில் பேட்டரி இருக்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. அது 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உங்களுடையது பழையதாக இருந்தால், மோட்டாருக்குக் கீழே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவைக் கையால் தூக்கிப் பழகுங்கள். கனமாகத்தான் இருக்கும். காற்று எச்சரிக்கை உள்ள நாட்களில் காரைச் சாலையைப் பார்த்து வெளியே நிறுத்திவிடுவது இன்னும் நல்லது. கிளம்பும்போது ஜன்னல்களை மூடுங்கள், விளக்குகள் எரியட்டும். கூரை நனையட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள். தெருவெல்லாம் அப்படிச் செய்தால் தீயணைப்புக் குழாயில் அழுத்தம் இராது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பகலில் தீ வந்தால்? இருவரும் வேலைக்குப் போயிருப்பீர்கள், மாமியார் தனியாக இருப்பார், எச்சரிக்கை ஆங்கிலத்தில் வரும், அவருக்குக் கார் ஓட்டவும் தெரியாது. பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, எங்களைக் கேட்கக் காத்திருக்க வேண்டாம், எச்சரிக்கை வந்ததும் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுங்கள் என்று சொல்லி வையுங்கள். இந்த வாரமே அவரை வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்து மாமியாருக்கு அறிமுகம் செய்துவிடுங்கள். முகம் தெரியாதவர் வந்து கூப்பிட்டால் உங்கள் மாமியார் காரில் ஏறமாட்டார்.