தேநீர் ஆறும் நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கவனத்தோடு டீ குடிப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சில வாரங்களாக முயன்று பார்க்கிறேன். மாலை ஐந்தரைக்கு வேலையை நிறுத்தி, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு பெரிய மக் நிறையக் கட்டன் டீயோடு உட்காருகிறேன். நாலு வாய் குடிப்பதற்குள் மனம் முடிக்காத வேலைக்கு ஓடிவிடுகிறது. அதைக் காலியாக வைத்திருக்கப் போராடிப் போராடி, எழுந்திருக்கும்போது முன்பைவிட அலுப்பு. பாதி டீ ஆறிக் கசந்துபோகிறது. போதாததற்கு இரவில் தூக்கமும் தள்ளிப்போகிறது. எனக்கு இது ஒத்துவராதா, செய்யும் விதத்தில் பிழையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

விதத்தில்தான் பிழை. அதில் பாதி அந்தப் பெரிய மக்கில் இருக்கிறது.

அப்படிப்பட்ட மக் 350 மில்லி பிடிக்கும். தேயிலையின் மணம் ஆவியோடு எழுந்துவருவது. சூடு இறங்க இறங்க மணம் மங்கி, கசப்பும் துவர்ப்பும் மட்டும் முன்னே நிற்கும். டீபேக்கையோ இலையையோ உள்ளேயே விட்டிருந்தால் இன்னும் மோசம். கவனிக்க ஒன்றுமில்லாத ஆறின தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மனம் வேலைக்கு ஓடாமல் என்ன செய்யும்? 150 மில்லி கோப்பை போதும்.

இரண்டாவது, இடைவேளை உட்கார்ந்த பிறகு தொடங்குவதாக நினைத்திருக்கிறீர்கள். அடுப்பில் தண்ணீர் வைக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. பக்கத்திலேயே நின்று கேளுங்கள். கொதிப்பதற்குச் சற்று முன்புதான் இரைச்சல் அதிகம். அடியில் உண்டாகும் நீராவிக் குமிழ்கள் மேலே வருவதற்குள் குளிர்ந்து உடையும் சத்தம் அது. தளதளவென்று முழுக்கொதி வந்ததும் இரைச்சல் தணிந்துவிடும். அதுவரை காத்திருந்து அணையுங்கள். 150 மில்லிக்கு 2 கிராம் இலை, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். கறுப்புத் தேயிலை என்றால் மூடிவைத்து மூன்று நிமிடம். பச்சைத் தேயிலை என்றால் தண்ணீரை 80 டிகிரிக்கு ஆறவிட்டு இரண்டே நிமிடம். பிறகு வடிகட்டிவிட வேண்டும். நேரம் கூடக்கூடத் துவர்ப்புத்தான் ஏறும். கரண்டியால் இலையை அழுத்திப் பிழிவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

வடிகட்டியதும் வாயில் வைக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. அது ஒருபுறம் இருக்கட்டும், சுட்ட நாக்குக்குச் சுவை தெரியாது. கோப்பையைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஆறட்டும். அந்த நேரத்துக்குக் கோப்பையைக் கையில் பிடித்து முகர்ந்துகொண்டிருப்பதே வேலை.

இனி குடிப்பது. சிறு மிடறு, 10 மில்லிக்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று நொடி நாக்கில் பரவவிட்டு விழுங்கி, வாயை மூடியபடியே மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து மணம் மூக்குக்கு ஏறுவது அப்போதுதான். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த மணம். நீளமாக மூச்சு விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். மூச்சுப் பயிற்சி என்று பெயர் வைக்காமலே அது நடந்துவிடுகிறது.

பிறகு கன்னத்தின் உட்புறமும் ஈறும் லேசாக வறண்டு இழுப்பதுபோல் இருக்கும். தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் டேனின் என்ற பொருள் உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வரும் வறட்சி அது. நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தெரியும். உமிழ்நீர் ஊற ஊற அது மெல்லக் கரையும். கரையும்வரை அடுத்த மிடறு வேண்டாம். முழுவதையும் சரியாக்கிவிடுவது என் கணக்கில் இந்த ஒரு விதிதான். எப்போது குடிக்க வேண்டும் என்று கடிகாரம் சொல்ல வேண்டாம், ஈறு சொல்லும். மிடறுக்கு அரை நிமிடம் என்றாலும் பதினைந்து மிடறுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிவிடும். பால் சேர்த்தால் பாலின் புரதம் டேனினைப் பிடித்துக்கொள்ளும், இந்த வறட்சி அவ்வளவாகத் தெரியாது. ஆகவே பழகும்வரை கட்டன் டீயே நல்லது. கூடவே கொறிக்க எதுவும் வேண்டாம். மெழுகுவத்தி, மெல்லிசை எல்லாம் அவரவர் விருப்பம். எனக்கு அவை தேவையில்லாத ஜோடனை.

மனதைக் காலியாக வைக்க யார் சொன்னார்கள்? நான் அப்படி எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். வேலை நினைவுக்கு வரும். செய்தே ஆகவேண்டியது என்றால் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டு ஈறுக்குத் திரும்புங்கள். அதே நினைப்பு மறுபடி வந்தால் எழுத வேண்டாம், ஏற்கெனவே எழுதியாயிற்று. பத்து தடவை போய்ப் பத்து தடவை திரும்பினாலும் அந்த டீ தோற்றதாகாது.

தூக்கத்துக்கு வருவோம். உடலில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். ஐந்தரைக்குக் குடித்ததில் பாதி பத்தரைக்கும் உடலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கோப்பைக்கு மாறினாலே அளவு பாதிக்குமேல் குறையும். அதோடு நேரத்தையும் மதியம் இரண்டு மூன்று மணிக்கு நகர்த்துங்கள். மாலைதான் வேண்டும் என்றால் கஃபீன் நீக்கிய தேயிலை வாங்கிக்கொள்ளுங்கள், டேனின் அதிலும் உண்டு. தேயிலையில் உள்ள தியானைன் என்ற அமினோ அமிலம் மனதை அமைதிப்படுத்தும் என்று சொல்வதை நம்பிக் கோப்பைகளைக் கூட்டிவிடாதீர்கள். ஆய்வுகளில் பெரும்பாலும் 100, 200 மில்லிகிராம் என்று கொடுக்கிறார்கள். ஒரு கோப்பையில் இருப்பது அதில் சிறு பங்கு. கூட்டினால் கஃபீனும் கூடவே ஏறும்.

இவ்வளவு நேரம் கிடைக்காத நாளில் முதல் மூன்று மிடறை மட்டும் இப்படிக் குடியுங்கள். மணம் துலக்கமாகத் தெரிவது அவற்றில்தான். மீதியை வேலை பார்த்துக்கொண்டே குடித்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஆசிரியர்