தட்டை நக்கி வைத்தால் போதுமா?

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடார் குட்டிக்கு 5 மாதம் ஆகிறது. பெண்குட்டி, 16 கிலோ இருக்கிறாள். வந்த நாளிலிருந்து, இரண்டு மாதமாக, எலும்பு நீக்கிய கோழிக்கறியை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைக்கிறேன். தட்டை நக்கி வைத்துவிடுகிறாள். ஆனால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பாக்கெட் உணவுதான் சரி, அதிலும் தானியம் சேர்க்காததாகப் பார்த்து வாங்கு என்கிறான் தம்பி. பச்சைக் கறிதான் நாயின் இயற்கை உணவு என்கிறார் அவனுடைய நண்பர். நாம் சாப்பிடுவதையே அதற்கும் போட்டால் ஆகாதா என்கிறார் அம்மா. போதாக்குறைக்கு, கால்சியம் சிரப் கொடுக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதைத்தான் கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நாலு பேரும் குட்டியின் மேல் இருக்கும் பிரியத்தில்தான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாக்கெட்டா, வீட்டுச் சமையலா, பச்சைக் கறியா என்ற சண்டையில் முக்கியமான இரண்டு விஷயங்கள் காணாமல் போய்விடுகின்றன. அவள் வயதுக்கு வேண்டிய சத்து எல்லாம் அந்த உணவில் இருக்கிறதா? அளவு சரியாக இருக்கிறதா? இந்த இரண்டும் சரியாக இருந்தால் எந்த வழியில் போனாலும் நாய் நன்றாக வளரும். இரண்டில் ஒன்று தவறினாலும், எவ்வளவு நல்ல கறியாக இருந்தாலும் பயனில்லை.

முதலில் உங்கள் சமையலைப் பார்ப்போம், ஏனென்றால் அவசரம் அங்கேதான் இருக்கிறது. கோழியும் சோறும் வயிற்றுக்கு இதமான உணவு. வயிற்றுப்போக்கு வந்த நாய்க்கு இரண்டு மூன்று நாள் இதைத்தான் கொடுக்கச் சொல்வார்கள். மாதக்கணக்கில் இதையே கொடுப்பதுதான் தவறு. வளரும் குட்டிக்கு 1000 கலோரி உணவில் 3 கிராம் கால்சியமாவது இருக்க வேண்டும். உங்கள் குட்டிக்கு இப்போது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1100 கலோரி தேவை (கணக்கைப் பின்னால் சொல்கிறேன்). அப்படியானால் கால்சியம் 3.3 கிராம் வேண்டும். 100 கிராம் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறியில் இருப்பதோ சுமார் 15 மில்லிகிராம்தான். கறியை மட்டும் நம்பினால், தேவையான கால்சியத்துக்கு அவள் தினமும் 22 கிலோ தின்ன வேண்டும்! அவளுடைய எடையே 16 கிலோதான். சோறும் இதில் கைகொடுக்காது.

கால்சியம் குறைவு என்பதோடு கதை முடியவில்லை. அதே 100 கிராம் கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. உடம்புக்குள் இந்த இரண்டும் சேர்ந்தே வேலை செய்பவை. உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாக, அல்லது அதைப்போல இரண்டு மடங்கு வரை இருக்கலாம். உங்கள் தட்டில் கணக்கு தலைகீழாக இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறைய விடாமல் உடம்பு பார்த்துக்கொள்ளும். அதற்காக எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். குட்டி வெளிப்பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும், ஓடும், வாலை ஆட்டும். ஒரு நாள் சோபாவிலிருந்து குதித்து எழுந்திருக்கும்போது நொண்டும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு காகிதம்போல மெலிந்திருக்கும். வளைந்த கால்களோடும், லேசாகக் குதித்ததிலேயே முறிந்த எலும்போடும் குட்டிகள் மருத்துவரிடம் வருவது இப்படித்தான். அதனால் தட்டை நக்கி வைப்பதைச் சத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டது என்பதால், இந்த வாரமே ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் அழைத்துப்போய் என்ன சாப்பிடுகிறாள் என்பதை அப்படியே சொல்லுங்கள். நொண்டுவது, எழுந்திருக்கத் தயங்குவது, தொட்டால் கத்துவது ஏதாவது தெரிந்தால் நாளைக்கே போங்கள்.

அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சிரப்? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வளர்ந்த நாய்க்குக் கால்சியம் கொஞ்சம் கூடினால் குடல் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். சின்னக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் முழுதாக வந்திருக்காது, ஊற்றியதில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். லாப்ரடார் மாதிரிப் பெரிய உடம்பாக வளரும் இனங்களில், குட்டிப் பருவத்தில் மிதமிஞ்சிப் போன கால்சியம் எலும்பும் மூட்டும் கோணலாக வளரக் காரணமாகிறது. சமச்சீர் உணவுக்கு மேல் சிரப் ஊற்றுவது இந்த வகை. கறிச்சோற்றில் சிரப்பை மட்டும் கலப்பதும் சரிவராது. அந்தச் சாப்பாட்டில் கால்சியம் மட்டுமா குறைவு? துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ என்று வரிசையாகக் குறைகிறது. நம்மைப்போல வெயிலில் நின்று தோலில் போதிய வைட்டமின் டி தயாரித்துக்கொள்ள நாயால் முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

வீட்டிலேயே சமைத்துப் போடவே கூடாதா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் கண்ணளவு உதவாது. அமெரிக்காவின் டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஏதேனும் ஒரு அத்தியாவசியச் சத்தாவது போதாமல் இருந்தது. அவற்றில் கால்நடை மருத்துவர்களே எழுதியவையும் உண்டு. அதனால் சமைத்துத்தான் போடுவேன் என்றால், கால்நடை உணவியலில் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் உங்கள் குட்டியின் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற குறிப்பை எழுதி வாங்குங்கள். அதில் சொன்ன தாது, வைட்டமின் கலவையோடு, தராசில் நிறுத்துச் சமைக்க வேண்டும். வீட்டில் ஈரல் இல்லையென்று வேறொன்றைப் போடுவது, எண்ணெயை மாற்றுவது எல்லாம் கூடாது. வளர்ந்த நாய் சின்னச் சின்னப் பிசகைத் தாங்கும். 5 மாதக் குட்டிக்கு இது ரிஸ்க், அதனால் வளர்ச்சி முடியும்வரை வேண்டாம் என்பது என் கருத்து.

தம்பி சொன்னதில் பாதி சரி. இப்போதைக்கு உங்கள் குட்டிக்கு நான் பாக்கெட் உணவைத்தான் சொல்வேன். எந்த பிராண்ட் என்று கேட்காதீர்கள். பாக்கெட்டின் முன்பக்கம் படமும் பெருமையும்தான் இருக்கும், திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்ற பொருளில் அது இருக்க வேண்டும். அதே வரியில் எந்தப் பருவத்துக்கு என்பதும் இருக்க வேண்டும். வளரும் பருவத்துக்கு, பெரிய இனக் குட்டிகளும் உட்பட, என்று இருந்தால் உங்கள் வீட்டுக்குச் சரி. பெரிய இனக் குட்டிகளுக்கான உணவில் கால்சியத்துக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள், அதற்காகத்தான் சொல்கிறேன். வளர்ந்த நாய்க்கு மட்டும் என்று இருந்தால் வேண்டாம். துணை உணவு என்று இருந்தால் அது வேறு உணவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியது. இந்த வரிக்கு அடிப்படையான அளவுகோல்களை அமெரிக்காவில் ‘ஆஃப்கோ’, ஐரோப்பாவில் ‘ஃபெடியாஃப்’ என்ற அமைப்புகள் வகுத்துத் தருகின்றன. பல நாடுகளின் பாக்கெட்டுகளில் இந்தப் பெயர்களைப் பார்க்கலாம்.

இன்னொன்று, பொருள் பட்டியலில் முதலில் கோழி என்று இருந்தால் உடனே மயங்க வேண்டாம். சமைப்பதற்கு முந்தைய எடைப்படி வரிசைப்படுத்துகிறார்கள். பச்சைக் கறியின் எடையில் முக்கால்வாசி தண்ணீர், அதனால் முன்னால் வந்து நிற்கிறது. டின் உணவில் புரதம் 8 சதவீதம், உலர் உணவில் 24 சதவீதம் என்று பார்த்து டின் மட்டம் என்று முடிவு கட்டுவதும் இதே தவறுதான். டின்னில் 78 சதவீதம் ஈரம் என்றால், மிச்சமிருக்கும் 22-இல் 8 புரதம். அது 36 சதவீதம் ஆகிறது.

தானியம் இல்லாத உணவு விஷயத்தில் தம்பியோடு எனக்கு உடன்பாடில்லை. நாய் ஓநாய் அல்ல. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் பொதுவாக இரண்டு பிரதிதான், நாயிடம் அதைவிடப் பல மடங்கு. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில் வந்த மாற்றம் இது என்று 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தானிய ஒவ்வாமை இருக்கும் நாய்கள் உண்டு, ஆனால் மாட்டிறைச்சியும் பால் பொருளும் கோழியும் ஒத்துக்கொள்ளாத நாய்கள்தான் இன்னும் அதிகம். தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு வகைகளை நிறையச் சேர்த்த உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரிக்கத் தொடங்கியது. அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. இருந்தாலும், ஒரு பலனும் இல்லாத இடத்தில் அந்தச் சந்தேகத்தை நாம் ஏன் விலைகொடுத்து வாங்க வேண்டும்?

பச்சைக் கறி வேண்டாம். சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் அதில் இருக்கலாம். நாய்க்கு ஒன்றும் ஆகாமலேகூட அதன் எச்சில் வழியாகவும் மலம் வழியாகவும் வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றலாம். அம்மா வீட்டில் இருக்கிறார் என்பதை மறக்காதீர்கள். வேகவைத்த எலும்பும் வேண்டாம், சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும்.

அம்மாவின் யோசனைக்கு வருவோம். நமக்குச் சமைப்பதில் உப்பும் எண்ணெயும் அதிகம் என்பதைவிடப் பெரிய சிக்கல் வெங்காயமும் பூண்டும். பச்சையோ, வதக்கியதோ, பொடியோ, எப்படி இருந்தாலும் அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எவ்வளவு தின்றால் கெடும் என்று அளவு சொல்ல முடியாததால் ஒன்றுகூடக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. சாக்லேட் ஆகாது. சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம் சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் எல்லாவற்றிலும் மோசம், கொஞ்சம் போனாலே ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சரி, எவ்வளவு? கால்குலேட்டரை எடுங்கள். எடையை மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள்: 16 × 16 × 16 = 4096. இப்போது வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். 64 வரும், பிறகு 8 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் 560. சும்மா படுத்திருக்க அவள் உடம்புக்கு வேண்டிய கலோரி அது. 4 மாதம் தாண்டிய குட்டிக்கு அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 1120. பாக்கெட்டில் 100 கிராமுக்கு 370 கலோரி என்று போட்டிருந்தால் ஒரு நாளைக்கு சுமார் 300 கிராம். இதை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், 6 மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும். டம்ளர் அளவு வேண்டாம், தராசில் நிறுங்கள். எடை ஏற ஏற, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

உங்கள் கோழிக்கறியை அவளிடமிருந்து முழுக்கப் பறிக்க வேண்டியதில்லை. மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை இப்படிப்பட்ட பலகாரத்துக்கு இடமுண்டு. தோல் நீக்கி வேகவைத்த நெஞ்சுக்கறி என்றால் 65 கிராம் அளவு. அதைக் கொடுக்கும் நாளில் பாக்கெட் உணவை 270 கிராமாகக் குறைத்துவிடுங்கள். பயிற்சிக்குத் தரும் பிஸ்கெட்டும், அம்மா யாருக்கும் தெரியாமல் ஊட்டுவதும் இந்தப் பத்தில் ஒன்றுக்குள்தான்.

கணக்கு வெறும் தொடக்கம்தான், கைதான் கடைசித் தீர்ப்பு. வாரம் ஒருமுறை அவள் விலா மேல் விரல்களை அழுத்தாமல் ஓட்டுங்கள். பிறகு உங்கள் கையையே தொட்டுப் பாருங்கள். விரல்களை நீட்டி வைத்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, விலா அப்படி இருந்தால் சரியான எடை. மடக்கிய கைவிரல் கணுபோலத் துருத்தினால் மெலிவு. உள்ளங்கைபோல மெத்தென்று இருந்தால் சாப்பாடு அதிகம். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும்.

லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 48 லாப்ரடார்களை ஒரே ஈற்றுக் குட்டிகளாக ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் தாண்டிய வயது) 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் லாப்ரடார் போதும் என்று சொல்லாது! ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு, பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள். அந்த முகத்தைப் பார்த்து அளவை ஏற்றினால் நாய் தாங்காது. கருத்தடை செய்த பிறகு தேவை இன்னும் குறையும், அப்போதும் கணக்கை மாற்றுங்கள்.

பால் வேண்டியதில்லை, பல நாய்களுக்கு வயிற்றைக் கலக்கும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

ஒரே நாளில் உணவை மாற்றாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் பழைய சாப்பாட்டில் கால் பங்கு புதியது, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால் என்று 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். மலம் இளகினால் அந்தக் கட்டத்திலேயே இரண்டு நாள் நின்று பிறகு தொடருங்கள். கறிச்சோறு தின்று பழகியவள், உலர் உணவைப் பார்த்து முகத்தைத் திருப்பலாம். வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் ஊற்றி ஊறவைத்தால் மணம் கிளம்பும். இருபது நிமிடத்தில் தொடவில்லையென்றால் கிண்ணத்தை எடுத்துவிட்டு அடுத்த வேளைக்கு வையுங்கள், இடையில் கறியைக் காட்டிச் சமாதானம் செய்ய வேண்டாம். ஒரு முழு நாள் எதையுமே தொடவில்லை, அல்லது சோர்ந்து படுக்கிறாள், வாந்தி எடுக்கிறாள் என்றால் அதைப் பிடிவாதம் என்று நினைக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.