ஃப்ரிட்ஜுக்குள் ஒரு குளிர்காலம்: ஜப்பானிய மேப்பிள் கேள்வி பதில்

லண்டன் வீட்டுத் தோட்டத்தில் பல வருடமாக ஜப்பானிய மேப்பிளை விதை போட்டு வளர்த்துவரும் அக்கா பதில் சொல்கிறார்.

பூங்காவில் இறக்கை வைத்த விதை நிறையக் கிடக்கிறது. பொறுக்கிப் போட்டால் முளைக்குமா அக்கா?

முளைக்கும். ஆனால் விழுந்து மொறமொறவென்று காய்ந்ததைவிட, மரத்திலேயே பச்சை மாறிப் பழுப்பேறும்போது பறித்தது மேல். இங்கே அது செப்டம்பர் கடைசி, அக்டோபர். நன்றாகக் காய்ந்துவிட்டால் உறை இறுகிவிடும், அடுத்த வசந்தத்தைத் தாண்டி அதற்கடுத்த வருடம்கூட முளைக்கும். அவசரப்பட்டுத் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். நான் கொட்டினேன். மறு வருடம் எருக்குவியலில் ஆறு கன்று நின்றது!

முளைக்க விதைக்கும் ஒரு குளிர்காலம் வேண்டும் என்கிறார்களே, ஃப்ரிட்ஜில் எப்படி வைப்பது? எத்தனை நாள்?

இறக்கையைக் கிள்ளிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறவையுங்கள். பிறகு ஈர மணலிலோ வெர்மிகுலைட்டிலோ (ஈரம் பிடித்துவைக்கும் தாதுத் துகள்) கலந்து ஜிப் பையில் போடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, அந்த அளவு ஈரம். ஃப்ரீசர் வேண்டாம், கீழ்த்தட்டின் 3, 4 டிகிரி போதும். 90 முதல் 120 நாள். பைமேல் தேதியும் பெயரும் எழுதுங்கள். கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில் இருந்த என் பையை "என்ன இது மண்" என்று வீட்டுக்காரர் குப்பையில் போட்ட கதையும் உண்டு.

இரண்டு மாதம் கழிந்ததும் வாரம் ஒருமுறை பாருங்கள். பிளாஸ்டிக்கில் ஒட்டினாற்போல் வெள்ளை வேர்நுனி தெரிந்தால் நாள் கணக்கை மறந்துவிட்டு, அந்த விதையை மட்டும் எடுத்து 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள்.

'பிளட்குட்' என்ற சிவப்பு இலை மேப்பிள் மரத்து விதை. அதே சிவப்பு வருமா?

சொல்ல முடியாது. அதெல்லாம் ஒட்டுக்கட்டிப் பெருக்கும் ரகம். விதையில் பக்கத்து மரத்தின் மகரந்தமும் கலந்திருக்கும். சிவப்பு வரும், பச்சை வரும், செம்பு நிறத்திலும் வரும். அதேதான் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள். எனக்கென்னவோ இந்தக் குலுக்கல் சீட்டுதான் பிடிக்கிறது. ஜப்பானில் இந்த மரத்துக்கு 'இரோஹா மொமிஜி' என்று பேர். நாம் அ, ஆ, இ என்பதுபோல அவர்கள் இ, ரோ, ஹா என்று ஏழு இலைமடலையும் எண்ணுவார்களாம்.

முளைத்த கன்று அடித்தண்டு கறுத்துச் சாய்கிறதே?

நாற்றழுகல், அதாவது பூஞ்சையால் இளம் நாற்று அழுகும் நோய். தோட்டத்து மண்ணைத் தவிர்த்து, புது மண்கலவை வாங்குங்கள். தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டில் ஊற்றிக் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள். தொட்டியை மூடியிருந்தால் மூடியைத் திறந்து காற்றாட வையுங்கள். முதலில் வரும் நாக்குப் போன்ற இரண்டும் வித்திலை. விரல்விரித்த இலை வரும்வரை உரமே வேண்டாம்.

ஆன்லைனில் நீல மேப்பிள் விதை விற்கிறார்களே?

நீல இலை மேப்பிள் என்று ஒன்று கிடையாது. படத்தில் மட்டும் வளரும்.

சென்னை மாடியில் வளர்க்கலாமா?

முளைக்க வைப்பது சுலபம், உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜே போதும். ஆனால் மரத்துக்கும் வருடா வருடம் குளிரில் உறக்கம் வேண்டும். அதுவும் இல்லாமல் மே மாத மொட்டைமாடியில் இலை ஓரம் கருகுவதைப் பார்க்க மனசு கேட்காது. வேண்டாம் தம்பி.

நாங்கள் டொராண்டோ. பனிக்காலத்தில் வீட்டுக்குள் எடுக்கலாமா?

ஹீட்டர் ஓடும் அறைக்குள் கூடாது, உறக்கம் கெடும். வெளியே விட்டால் சின்னத் தொட்டியில் வேர் உறைந்துவிடும். இலை உதிர்ந்ததும் ஹீட்டர் இல்லாத கராஜில் வைத்து, மண் காய்ந்தால் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் விடுங்கள்.