ஆஸ்பத்திரியில் அன்று என்ன எழுதினார்கள்?

கேள்வி: என் கணவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர், வயது 38. நான்கு மாதம் முன்பு அவர் பைக்கில் போகும்போது, சிக்னல் போடாமல் திரும்பிய கார் இடித்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள். கார்க்காரரே ஆஸ்பத்திரியில் சேர்த்து, "செலவெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், போலீஸ் மட்டும் வேண்டாம்" என்று கெஞ்சினார். நம்பினோம். முதல் பில்லைக் கட்டியதோடு சரி. இப்போது போனை எடுப்பதில்லை, நேரில் போனால் மிரட்டுகிறார். ஏமாற்றியதற்கு அவர் மேல் வழக்குப் போடலாமா? அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: அவர் கெஞ்சியது, ஏமாற்றியது, மிரட்டியது பற்றியெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைக்காது. அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கடிதத்தில் நான் தேடிய விவரம் ஒன்றுதான், அது இல்லை. அடி எப்படிப் பட்டது என்று டியூட்டி டாக்டர் கேட்டபோது என்ன சொன்னீர்கள்?

போலீஸ் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் "வண்டி சறுக்கி விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும். இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் கேட்டு வாங்கும் காகிதம் அதுதான். "அன்று தானாக விழுந்தவர், நான்கு மாதம் கழித்து ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கார்க்காரரின் தப்பு எவ்வளவு என்ற பேச்சே அதற்குப் பிறகுதான்.

தப்பை நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் தரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவு இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ஆனால் அந்தப் பிரிவிலும் கார் சம்பந்தப்பட்டது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். தவிர, அந்தத் தொகையை வாங்கிக்கொண்டால், தப்பை நிரூபித்து முழு இழப்பீடு கேட்டு 166-வது பிரிவில் போட்ட மனு அதோடு காலாவதி. கையில் வரும் பணம் என்று அவசரப்பட்டு வாங்கிவிட்டு, காலைக் காட்டி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் விபத்துப் பதிவேட்டின் நகலையும், சிகிச்சை விவரம் எழுதிய கேஸ் ஷீட்டையும் வாங்குங்கள். கார் இடித்தது என்று எழுதியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சறுக்கி விழுந்ததாக எழுதியிருந்தால் அதை மறைக்காதீர்கள். இன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஏன் தாமதம், யார் கேட்டுக்கொண்டதால் அப்படிச் சொன்னோம் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று ரவி – பத்ரிநாராயண் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் நம்பும்படி இருக்க வேண்டும். நடந்ததைத் தவிர நம்பும்படியான காரணம் வேறு கிடையாது. புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அப்புறம் மாஜிஸ்திரேட்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி அந்த முதல் பில். முன்பின் தெரியாதவர் உங்கள் கணவரின் ஆஸ்பத்திரி பில்லை ஏன் கட்டினார்? போன் வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, அவர் அனுப்பிய மெசேஜ், ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் பெயர் எழுதிய தாள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இனி அவரிடம் நேரில் போய்ச் சண்டை வேண்டாம். அங்கே நீங்கள் வாய் தவறிச் சொல்லும் ஒரு வார்த்தைதான் பிறகு கிராஸில், அதாவது குறுக்கு விசாரணையில், கேள்வியாக வரும்.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. பதிவேடு பலவீனமாக இருப்பதைப் பார்த்ததும், "நேரில் பார்த்த சாட்சியை நான் ஏற்பாடு செய்கிறேன்" என்று ஒரு தரகர் வருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள், அம்மா. பொய்ச் சாட்சி ஒருவர் கிராஸில் உடைந்தால், உண்மையாக நடந்த விபத்தும் பொய்யாகிவிடும். மனு போவதோடு நிற்காது, உங்கள் மேலேயே கிரிமினல் வழக்கு வரும்.

காலக் கெடு: 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது, உண்மைதான். அதை நம்பி உட்காராதீர்கள். உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்க விரும்பாத ஒன்று. பதிவேட்டில் தானாக விழுந்ததாக இருந்தால், இந்த வழக்கைக் கடைசிவரை நடத்தும்படி நான் சொல்ல மாட்டேன். நியாயமான தொகை வந்தால் மக்கள் நீதிமன்றத்தில் ராஜியாகிவிடுங்கள். கேட்டதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மருத்துவ வாரியம் ஊனத்தை மதிப்பிடும் முன் ராஜி வேண்டாம். மக்கள் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வந்தாலும், கால் மடங்காமல் போனாலும் திரும்ப வந்து கேட்க முடியாது.

ஊனச் சதவீதம் என்று சான்றில் வருவதும் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போனது என்பதும் வேறு வேறு. உச்ச நீதிமன்றத்தின் ராஜ் குமார் – அஜய் குமார் தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு கணக்குக்கு, மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்வதாக வையுங்கள். ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், 38 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 15. எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்காமலே, இழப்பு 15 சதவீதம் என்றால் 4,05,000 ரூபாய். சாரம் ஏற முடியாததால் 40 சதவீதம் போனது என்று ஏற்றால் 10,80,000. கம்பெனி அதிகாரி முதல் கணக்கோடுதான் பேச வருவார். உங்கள் கணவர் இனி சாரம் ஏற முடியாது என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடமே எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். அவர் சாட்சி சொல்ல வருவாரா என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள்.