வாசகர் கேள்வி – பதில்: கென்யப் பால் கூட்டுறவில் தன்னார்வப் பணி

கேள்வி: மேற்குக் கென்யாவில் சிறு விவசாயிகளின் பால் கூட்டுறவு ஒன்றில் மூன்று மாதம் தன்னார்வலராக இருக்க அழைப்பு வந்திருக்கிறது. நான் கால்நடை மருத்துவம் படிக்காதவள். என்னால் என்ன பயன்?

பதில்: நிறையவே உண்டு. ஊசி, மருந்து பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கே உறுப்பினர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் குடும்பங்கள். ஒரு நாள் பாலைத் திருப்பி அனுப்பினால் அன்றைய வரும்படி போயிற்று. அதனால் பாலைச் சரியாகச் சோதிப்பது, அளவைத் தப்பில்லாமல் எழுதுவது, மறுத்தால் எதற்காக என்று தனிப் பத்தியில் குறிப்பது ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் செய்தாலே பெரிய உதவி.

எம்-பெசா என்னும் கைபேசிப் பணச் சேவை மூலம் பணம் போகும் இடங்களில், பதிவேட்டில் இருக்கும் கைபேசி எண் யாருடையது என்றும் பாருங்கள். மாட்டோடு உழைப்பது மனைவி, உறுப்பினர் பெயர் கணவருடையது என்பது அங்கே சகஜம். இருவரையும் கூட்டாகச் சேர்க்க முடியுமா என்று நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம்.

சம்பளம் இல்லாவிட்டாலும் சுற்றுலா அனுமதியில் போய் வேலை செய்யக்கூடாது. குடிவரவுத் துறையின் அனுமதிக்கு அழைத்தவர்களையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரில் அளவு குறைந்தால் தண்ணீர் கலந்த பால் என்று மறுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நாணயமானவர் மேல் வீண்பழி விழுவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் கருவியில் எந்த வெப்பநிலை அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பலவற்றில் 20 டிகிரி செல்சியஸ். பாலின் சூடு அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் கருவி காட்டும் எண்ணோடு 0.2 கூட்ட வேண்டும், குறைந்தால் கழிக்க வேண்டும். 25 டிகிரி பாலில் 27 காட்டினால் உண்மை அளவு 28. நல்ல பால் பொதுவாக 28 முதல் 32 வரை நிற்கும். வெப்பமானி இல்லாத மையத்தில் இந்தப் பாலைக் கொண்டுவந்த ஏழை தண்ணீர் கலந்தவராகிவிடுவார்.

கறந்த சூட்டோடு அளந்தாலும் எண் குறையும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, நுரை அடங்கியதும் அளந்து பாருங்கள். கேனை நன்றாகக் கலக்காமல் மேலாக மொண்டால் கொழுப்பு மிதக்கும் பால்தான் வரும், அதுவும் குறைவாகவே காட்டும். மறுபக்கமும் உண்டு: ஆடையை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் எண் சரியாகவே நிற்கும். சந்தேகம் இருந்தால் கொழுப்புச் சோதனை இல்லாமல் தீராது.

ஆல்கஹால் சோதனையில் 2 மில்லி பாலோடு ஏறக்குறைய 70 சதவீத எத்தனால் 2 மில்லி சேர்த்து ஆட்டுவார்கள். திரிந்தால் அந்தப் பால் கொதியைத் தாங்காது. ஆனால் பழைய பால் மட்டும்தான் திரியும் என்றில்லை. சீம்பாலும் மடிநோய் கண்ட மாட்டின் பாலும் திரியும். ஆகவே, மாடு எப்போது கன்று போட்டது, மடியில் வீக்கமோ கட்டியோ உண்டா என்று கேளுங்கள். மடிநோய்க்கு மருந்து போட்டிருந்தால், மருந்துச் சீட்டில் சொன்ன நாள்வரை பாலை ஊற்றக்கூடாது. எதிருயிரி (ஆன்டிபயாட்டிக்) கலந்த ஒரு கேன் பால், தொட்டி முழுவதையும் தயிராக உறையாமல் செய்துவிடும்.

கேள்வி: மாலைப் பால்தான் அதிகம் கெடுகிறதாம். குளிரூட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது?

பதில்: மாலைப் பாலைக் காலைப் பாலோடு கலக்கக் கூடாது, கலந்தால் இரண்டும் போகும். கேனைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் நிறுத்தி நீரை மாற்றினால் கொஞ்சம் தாங்கும், ஆனால் 4 டிகிரிக்கு இறங்காது. வீட்டில் புளிக்கவைத்து மசீவா லாலா என்னும் புளித்த பால் ஆக்குவது அங்கே பழகிய வழி. அதற்கு முன் பாலைக் கொதிக்கவையுங்கள், புருசெல்லா கிருமி பச்சைப் பாலில் பரவும்.

வாய் குறுகிய பிளாஸ்டிக் ஜெரிகேன்தான் முதல் எதிரி. கை உள்ளே போகாது, கீறல்களில் பால் தங்கும். அகல வாய் அலுமினியக் கேனை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்ததும் வெந்நீர் ஊற்றினால் பால் புரதம் ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்பும் வெந்நீரும் தூரிகையும், கடைசியில் கொதிநீர். வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

கேள்வி: கலப்பின மாடு, நேப்பியர் புல் எல்லாம் இருந்தும் கறவை இல்லை என்கிறார்களே?

பதில்: முதலில் தண்ணீரைப் பாருங்கள். கறவை மாடு நாளைக்கு 60 லிட்டருக்கு மேலும் குடிக்கும். 20 லிட்டர் கேனில் மூன்று நடை. சுமப்பது பெண்கள் என்பதால் தொட்டி பாதி நாள் காய்ந்து கிடக்கும். கொட்டில் கூரையிலிருந்து மழைநீர் பிடிப்பது இங்கே நல்ல முதலீடு. நேப்பியரை ஒரு மீட்டர் உயரத்தில் அறுங்கள். ஆளுயரம் விட்டால் நார்தான். இலை மஞ்சளாகிச் சிறுத்த தூர் இருந்தால் அது குட்டைநோய். வேரோடு பிடுங்குங்கள், அதிலிருந்து கரணை எடுக்காதீர்கள்.

கேள்வி: மாடுகளுக்கு வரும் கிழக்குக் கரைக் காய்ச்சலைத் தடுக்கத் தன்னார்வலர் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். பழுப்புக் காது உண்ணி பரப்பும் இந்நோயில் காதடி நெறி வீங்கும், கடும் காய்ச்சல் வரும், முடிவில் நுரையீரலில் நீர் கோத்து மாடு சாகும். கொட்டிலில் கட்டிவைத்த மாட்டுக்கும் அறுத்த புல்லோடு உண்ணி வரும். தடுப்பூசி உண்டு, ஒருமுறை போட்டால் போதும். அது திரவ நைட்ரஜனில் வரும். ஒரு குழலில் பெரும்பாலும் 40 மாடு அளவுக்கு மருந்து இருக்கும், உருக்கினால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். ஆகவே வீடு வீடாகப் பட்டியல் எடுத்து, ஒரே காலையில் 40 மாட்டை ஓரிடத்தில் சேர்த்துக் கொடுங்கள். ஊசியைக் கால்நடை மருத்துவர் போடுவார்.