பாட்டி பிறந்த வீட்டைத் தேட

கேள்வி: அப்பா பக்கம் கொள்ளுத்தாத்தா வரை தெரியும். அம்மா பக்கம் அம்மாவைப் பெற்ற பாட்டியோடு நின்றுவிடுகிறது. அவர் பிறந்த ஊர் மட்டும் தெரியும். எங்கே தொடங்குவது?

பதில்: ஊர் தெரிகிறதே, அதுவே பெரிய பிடி. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். அதனால் பெயரை மட்டும் வைத்து இணையத்தில் தேடி அலையாதீர்கள்.

முதலில் உங்கள் அம்மாவின் தாய்மாமன் யார் என்று விசாரியுங்கள். பாட்டியின் உடன்பிறந்தவர் அவர்தானே. பழைய காதுகுத்து, கல்யாணப் பத்திரிகைகளிலும் மொய் நோட்டிலும் ஊரோடு பெயர் இருக்கும். அவருடைய பிள்ளைகளைப் பிடித்துவிட்டால் பட்டாவும் சர்வே எண்ணும் கிடைக்கும்.

பத்திரங்களில்தான் பெண்வழி நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் 1989-க்கு முன் மகளுக்குப் பிறப்புரிமை இல்லை, எனவே பட்டாவில் பெண் பெயர் அபூர்வம். ஆனால் சொத்தை வாங்குகிறவர், பின்னால் வில்லங்கம் வரக்கூடாது என்று கட்டிக்கொடுத்த பெண்களிடமும் கையெழுத்து கேட்பது உண்டு. அப்படி எழுதிய கிரயப் பத்திரத்திலோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்திலோ ‘இன்னார் மகளும் இன்னார் மனைவியுமான’ என்று வரும். ஒரே வரியில் இரண்டு வீடுகள்! நிலம் கைமாறிப் போயிருந்தாலும் பதிவு அழியாது. சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டு, பத்திர எண்ணைக் கண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்குங்கள். மிகப் பழையவை இணையத்தில் வராமல் போகலாம், அப்போது நேரில் மனு கொடுக்க வேண்டும். சர்வே எண் இல்லையென்றால் அங்குள்ள பெயர் அட்டவணையில் தேடச் சொல்லலாம்.

நிலமே இல்லாத குடும்பமா? ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, கிறிஸ்தவர் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு.

அப்புறம் குலதெய்வக் கோயில். பாட்டியைக் கட்டிக்கொடுத்த வீட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள், பிறந்த வீட்டுக் கோயிலுக்குப் போங்கள். தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வசூலிப்பது) நோட்டு வைத்திருப்பவரிடம் பங்காளிகள் பட்டியலே இருக்கும். வயதானவர்களை முதலில் பாருங்கள், பத்திரம் காத்திருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். சுப்பையா மகன் கருப்பையா, கருப்பையா மகன் சுப்பையா என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தகப்பன் பெயரையும் பத்திர ஆண்டையும் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.