நிலவறையை அறையாக்க: வாசகர் கேள்வி பதில்

ஒரே விஷயத்தைக் கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருப்பதால் இந்த முறை முழுக்க பேஸ்மென்ட்தான். வீட்டை உயர்த்திக் கட்டப் போடும் அடித்தளத்தையும் சிலர் அந்தப் பெயரால் சொல்வதுண்டு. இங்கே பேசுவது மண்ணுக்குள் இறங்கியிருக்கும் அறையைப் பற்றி.

எங்கள் பேஸ்மென்ட் வெறும் கான்கிரீட் சுவரும் தரையுமாகக் கிடக்கிறது. குறைந்த செலவில் பிள்ளைகள் படிக்கவும் விளையாடவும் ஓர் அறையாக்க ஆசை. ஜிப்சம் போர்டு தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். போர்டுக்கு முன்னால் முடிக்கவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதுவரை நிலவறையில் அடுக்கி வைத்தால், வேலை தொடங்கும்போது அடியில் இருக்கும் நாலு பலகை ஊறிப்போயிருக்கும்.

முதலில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி கெட்டியான பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஒன்று, சுவரில் ஒன்று வைத்து, நாலு விளிம்பையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து, தாளுக்கு அடியில் துளி நின்றாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக்காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. வறண்ட மாதத்தில் செய்து பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், மழை நாட்களிலும் ஒருமுறை செய்யுங்கள்.

மண்ணின் ஈரத்துக்கு வைத்தியம் பெரும்பாலும் வெளியே இருக்கிறது. சுவரை ஒட்டிய மண், முதல் 10 அடியில் 6 அங்குலம் இறங்கும்படி வெளிப்பக்கம் வாட்டமாக இருக்கவேண்டும். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டினால், அதை ஐந்தாறு அடி தள்ளி விடும்படி நீட்டுங்கள். மண்வெட்டியும் ஒரு துண்டுக் குழாயும் போதும். இந்த இரண்டையும் செய்யாமல் உள்ளே ஆயிரம் பூச்சுப் பூசினாலும் பலனில்லை.

காற்றின் ஈரத்துக்கு ஈரம் உறிஞ்சும் கருவி வேண்டும். ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று அறையிலேயே இருக்கட்டும். கருவியின் தண்ணீரை ஹோஸ் போட்டு வடிகாலுக்கு விடுங்கள். வாளி நிறைந்தால் கருவி தானாக நின்றுவிடும், அதைக் கொட்ட யாருக்கும் நினைவிருக்காது. புழுக்கமான கோடையில் ‘காற்றோட்டத்துக்காக’ ஜன்னலைத் திறந்து வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். வெளியிலிருந்து வரும் வெந்த ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும்.

சுவரில் வெள்ளை மாவு போலப் பூக்கிறது. சுரண்டிவிட்டு நீர்த்தடுப்பு பெயின்ட் அடிக்கலாமா? ஒரு கீறலும் இருக்கிறது.

அது உப்பு. சுவருக்குள் ஊடுருவும் நீர் கான்கிரீட்டில் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டுக் காய்கிறது. நீர் வரத்து நிற்காமல் பெயின்ட் அடித்தால் பின்னால் சேரும் உப்பும் ஈரமும் அதைக் கொப்புளமாக்கி உரித்துவிடும். கம்பிப் பிரஷால் தேய்த்துவிட்டு, வெளி வாட்டத்தைச் சரிசெய்து, மறுபடி பூக்கிறதா என்று ஒரு மழைக்காலம் பாருங்கள்.

மயிரிழைபோல மேலிருந்து கீழாக ஓடும் கீறல் பெரும்பாலும் கான்கிரீட் காயும்போது சுருங்கியதால் வந்தது. அதில் நீர் கசிந்தால் பாலியூரிதேன் என்ற பிசினை ஊசி போலச் செலுத்தி அடைப்பார்கள். ஈரத்தில் நுரைத்து இடைவெளியை நிரப்பும், காய்ந்தபின்னும் சற்று வளைந்துகொடுக்கும். படுக்கைவாட்டில் ஓடும் கீறலோ, கால் அங்குலத்துக்கு மேல் அகலமானதோ, சுவர் உள்பக்கம் பிதுங்கியிருப்பதோ தெரிந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மண்ணின் அழுத்தம் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கலாம், அதைப் போர்டு போட்டு மறைக்கக் கூடாது.

எங்கள் பகுதியில் குளிர் கடுமை. கண்ணாடி இழைப் பஞ்சு மலிவு என்று வாங்கிவிட்டேன். அதைச் சுவரில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, போர்டு அடிக்கச் சொல்கிறார் நண்பர்.

மேல்மாடிச் சுவருக்கு இந்த யோசனை பொருந்தலாம். மண்ணுக்குள் இருக்கும் சுவருக்குப் பொருந்தாது. அறையின் வெதுவெதுப்பான காற்று பஞ்சின் வழியே போய்க் குளிர்ந்த கான்கிரீட்டைத் தொட்டதும் நீராகும். சுவர் வழியே வரும் ஈரமும் பிளாஸ்டிக் தாளில் முட்டி நிற்கும். நடுவில் நனைந்த பஞ்சு, மரச்சட்டம், போர்டின் பின்புறக் காகிதம்: பூஞ்சணத்துக்கு விருந்து. வெளியே தெரிய ஓரிரு வருடம் ஆகும். முதலில் வாசனைதான் காட்டிக்கொடுக்கும்.

கான்கிரீட்டை ஒட்டி முதலில் வரவேண்டியது கெட்டியான நுரைப் பலகை (எக்ஸ்பிஎஸ்). அதற்கென்று உள்ள பசையால் ஒட்டி, இணைப்புகளை டேப் போட்டு, மேல் கீழ் விளிம்புகளை நுரை ஸ்பிரேயால் அடையுங்கள். 2 அங்குலப் பலகை பல இடங்களுக்குப் போதும். அதன் முன்னால் மரச்சட்டம். வாங்கிய பஞ்சு வீணாகாது, சட்டங்களுக்கு இடையே வைக்கலாம். பிளாஸ்டிக் தாளை மட்டும் விட்டுவிடுங்கள். நுரைப் பலகை தீப்பிடித்தால் நச்சுப் புகை வரும் என்பதால் அதைத் திறந்து விடக் கூடாது, அரை அங்குல ஜிப்சம் போர்டால் மூடியே ஆகவேண்டும்.

தரையைத் தொடும் அடிச்சட்டம் மருந்தேற்றிய மரமாக இருக்கட்டும், அடியில் மெல்லிய நுரைப் பட்டையும் வையுங்கள். போர்டைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி அடியுங்கள், தரையைத் தொட்டால் திரிபோல ஈரத்தை உறிஞ்சும். அந்த இடைவெளியைச் சுவரடிப் பட்டை (ஸ்கர்ட்டிங்) மறைத்துவிடும்.

12 அடிக்கு 15 அடி அறை, உயரம் ஏழரை அடி. எவ்வளவு சாமான் வேண்டும்?

நாலு சுவரும் சேர்ந்து 54 அடி. 4 அடி அகலம், 8 அடி உயரப் போர்டை நிற்கவைத்து அடித்தால் 14 பலகை. கதவுக்காகக் கழிக்காதீர்கள், சேதாரத்துக்குச் சரியாகிவிடும். நிறுத்துச் சட்டங்களை 16 அங்குல இடைவெளியில் வைத்தால் 41. மூலைக்கு இரண்டு, கதவுக்கு நாலு என்று கூட்டினால் 53 ஆகும், 56 வாங்குங்கள். அடிச்சட்டத்துக்கு மருந்தேற்றிய மரம் 54 அடி, மேல்சட்டத்துக்குச் சாதா மரம் 54 அடி. ஒன்றேகால் அங்குல போர்டு ஸ்க்ரூ 500. ஸ்க்ரூ தலை காகிதத்தைக் கிழிக்காமல் லேசாக உள்ளே இறங்கவேண்டும், கிழித்தால் பிடிமானம் போச்சு.

போர்டு அடிப்பதற்கு முன் சுவருக்கு அளவு நாடாவைப் பிடித்து, ஒயர், குழாய் எல்லாம் தெரிய போட்டோ எடுத்து வையுங்கள்.

கூரை தாழ்வு. மேலே குழாயும் ஒயருமாக ஓடுகிறது.

மூடாதீர்கள். விட்டம், குழாய் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் ஸ்பிரே பெயின்ட் அடித்துவிட்டால் உயரம் குறையாது, செலவும் குறைவு. மூடித்தான் ஆகவேண்டும் என்றால் வால்வு, ஒயர் இணைப்புப் பெட்டி உள்ள இடங்களில் திறப்பு விடுங்கள்.

பழைய வீடு. தரையில் 9 அங்குல டைல்ஸ். பெயர்த்துவிட்டு மரத்தரை போடலாமா?

இரண்டுக்கும் ‘கூடாது’தான். அந்த அளவில் வந்த பழைய டைல்களிலும் அவற்றின் கறுப்புப் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு உண்டு. சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்காமல் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். ஆடாமல் உடையாமல் இருந்தால் அவற்றின் மேலேயே வினைல் பலகைத் தரை போடலாம். அசல் மரம் ஈரத்தில் விம்மி எழும். வினைலுக்குத் தரை சமமாக இருக்கவேண்டும். நீளமான ரசமட்டத்தை வைத்து மேடு பள்ளம் பாருங்கள். 10 அடியில் 3/16 அங்குலம்வரை பல தயாரிப்புகள் தாங்கும். அதற்கு மேல் பள்ளம் என்றால் தானே சமனாகும் கலவை ஊற்றவேண்டும். தரையில் வடிகால் இருந்தால் அதை மூடிவிடாதீர்கள்.

தரையை மூடும் முன் ரேடான் சோதனையும் செய்துவிடுங்கள். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் வரும் வாயு அது, நிறமும் இல்லை மணமும் இல்லை. நுரையீரல் புற்றுக்குப் புகைபிடித்தலை அடுத்த முக்கியக் காரணம். கனமீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. அதிகமிருந்தால் தரைக்கு அடியிலிருந்து குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்றலாம். இப்போதே செய்தால் சுலபம்.

பின்னாளில் அம்மாவுக்குப் படுக்கையறையாக்கலாம் என்று யோசனை. இருக்கிற சின்ன ஜன்னல் போதாதா?

தீ விபத்தில் மாடிப்படி அடைபட்டால் அவர் ஜன்னல் வழியே வெளியேறவேண்டும், தீயணைப்பு வீரர் உள்ளே வரவேண்டும். பரவலாகக் கையாளும் அளவு: திறப்பு குறைந்தது 20 அங்குல அகலம், 24 அங்குல உயரம், மொத்தப் பரப்பு 5.7 சதுர அடி, விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 20க்கு 24 ஜன்னலின் பரப்பு 3.3 சதுர அடிதான் வரும். அகலம் 20 என்றால் உயரம் 41க்குச் சற்று மேல் வேண்டும். உங்கள் ஊர் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். வயதானவரால் 44 அங்குலம் ஏற முடியுமா என்பதை விதி கேட்காது, நீங்கள்தான் கேட்கவேண்டும்.

எரிவாயு ஹீட்டர் மூலையில் இருக்கிறது. அதைச் சுற்றி அலமாரி அடித்து மறைக்கலாமா?

எரிவதற்குக் காற்று வேண்டும். அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அறைக்குள் சேரும். கருவியோடு வந்த கையேட்டில் எத்தனை அங்குலம் விடவேண்டும் என்று இருக்கும். அதை விட்டு, காற்று நுழையும் வழியோடு கதவு வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

கையிருப்பு பாதியில் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. எதை நிறுத்தலாம்?

குளியலறையை முதலில் நிறுத்துங்கள். கான்கிரீட்டை உடைத்துக் கழிவுக் குழாய் பதிப்பதும், சாக்கடை மட்டம் மேலே இருந்தால் பம்ப் வைப்பதும் உங்கள் பட்ஜெட்டில் பெரும் பங்கை விழுங்கும். அடுத்து, அறையைப் பாதியாக்குங்கள்: ஹீட்டர், சாமான் இருக்கும் பக்கத்தை அப்படியே விட்டு, ஜன்னல் பக்கத்தை மட்டும் முடியுங்கள். அங்கும் எலெக்ட்ரீஷியன் வேலை, நுரைப் பலகை, போர்டு, முதல் பூச்சு வரை போய் நின்றுகொள்ளலாம். தரை வெறும் கான்கிரீட்டாகவே ஒரு வருடம் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் மேல் பெரிய கம்பளம் விரித்து ஒப்பேற்ற வேண்டாம், அடியில் ஈரம் பிடித்து நாறும். சின்னச் சின்னப் பாயாகப் போட்டு வாரம் ஒருமுறை தூக்கிக் காயவையுங்கள்.